வாய் திறந்தால் வேலை போகுமா?

பெரிய கம்பெனிகளின் அலுவலகங்களில் இப்போது ஒரு புதுச் சொல் உலவுகிறது. 'உளப் பாதுகாப்பு' என்று அதற்குப் பெயர். தொழிலாளி அஞ்சாமல் பேச வேண்டுமாம். மேலதிகாரி கனிவோடு கேட்க வேண்டுமாம். தவறு நேர்ந்தால் 'எவன் செய்தான்?' என்று பாயாமல் 'ஏன் நேர்ந்தது?' என்று ஆராய வேண்டுமாம். இதற்கென்று பயிற்சி வகுப்புகள், சுவரில் வண்ண அட்டைகள், விருந்துகள். வெளியூரிலிருந்து வருகிற பேச்சாளர் குளிரூட்டிய அறையில் ஒரு மணி நேரம் அன்பைப் பற்றிப் பேசிவிட்டுப் போகிறார். மறுநாள் காலை ஷிப்டில் பார்த்தால் அதே பழைய மேஸ்திரி, அதே பழைய வசவு!

இதைக் கண்டு நம் தோழர்கள் சிலர் நகைக்கிறார்கள். "பஞ்சப்படி கேட்டால் பண்பாட்டுப் பாடம் நடத்துகிறார்களே!" என்று கேட்கிறார்கள். அந்த நகைப்பில் நியாயம் இல்லை என்று நாம் கூறமாட்டோம். கூலிக்குப் பதிலாகக் கனிவு என்று யாராவது விற்க வந்தால், அந்தச் சரக்கு நமக்கு வேண்டாம் என்று கடைவாசலிலேயே சொல்லிவிட வேண்டியதுதான். எனினும், இது முதலாளிமாரின் பேச்சு என்று முழுவதையும் ஒதுக்கித் தள்ளுவது தவறு என்பதே நம் கருத்து. சொல்தான் புதிது. அந்தச் சொல் குறிக்கும் பொருளுக்காக நம் முன்னோர் அடிபட்டிருக்கிறார்கள், வேலை இழந்திருக்கிறார்கள், நீதிமன்றக் கூண்டிலும் நின்றிருக்கிறார்கள்.

பொருள் என்ன? ஒரு தொழிலாளி இயந்திரத்தில் ஏதோ ஒரு பழுதைக் காண்கிறான். பெல்ட்டு தேய்ந்திருக்கிறது, வால்விலிருந்து ஒழுகுகிறது, வழக்கமில்லாத ஓசை கேட்கிறது. அந்த நொடியில் அவன் மனத்திலே ஒரு கணக்கு ஓடுகிறது. சொன்னால், 'நீதான் கெடுத்தாய்' என்று நம் தலையிலேயே விழுமோ? உற்பத்தி நின்றால் மெமோ வருமோ? 'இவன் எப்போதும் குறை சொல்கிறவன்' என்று பெயர் வருமோ? காண்டிராக்ட் ஆள் என்றால், 'நாளை முதல் வரவேண்டாம்' என்று வாயிற்காவலனே சொல்லி அனுப்பிவிடுவானோ? இவ்வளவையும் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு, நமக்கேன் வம்பு என்று வாயை மூடிக்கொண்டு போகிறான். அந்தக் கணக்கைப் பற்றித்தான் இன்று எழுதுகிறோம்.

போபாலில் கேளாத காதுகள்

1984ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவு, போபால் நகரில் யூனியன் கார்பைடு பூச்சிமருந்து ஆலையின் தொட்டியிலிருந்து மீத்தைல் ஐசோசயனேட் என்னும் நச்சு வாயு பெருகி வெளியேறி, ஆலையை ஒட்டியிருந்த குடிசைகளில் உறங்கிக் கொண்டிருந்தவர்களின் மூச்சிலே கலந்தது. மாண்டோர் பல ஆயிரம். அந்தக் காற்றைச் சுவாசித்தோர் ஐந்து லட்சத்துக்கு மேல். இது உலகறிந்த கதை.

உலகம் அதிகம் பேசாத பகுதி ஒன்று இதிலே உண்டு. அந்த ஆலையின் தொழிலாளர்கள் முன்கூட்டியே சொன்னார்கள்! 1981 டிசம்பரில் அதே ஆலையில் பாஸ்ஜீன் வாயு தாக்கி ஒரு தொழிலாளி இறந்தார். அதன் பிறகு சங்கத்தார் கிளர்ச்சி செய்தார்கள்; இங்கே உயிருக்கு ஆபத்து என்று சுவரொட்டி ஒட்டி ஊராரை எச்சரித்தார்கள். ராஜ்குமார் கேஸ்வானி என்ற உள்ளூர்ப் பத்திரிகையாளர் 1982லேயே தம் சிற்றேட்டில், இந்நகரம் எரிமலை வாயில் உட்கார்ந்திருக்கிறது என்ற பொருள்பட எழுதினார். அதே ஆண்டில் அமெரிக்காவிலிருந்து கம்பெனியே அனுப்பிய ஆய்வுக் குழுவும் குறைகளைப் பட்டியலிட்டது. பலன் என்ன? செலவைச் சுருக்குகிறோம் என்று ஆட்களைச் சுருக்கினார்கள். அந்த நச்சு வாயுப் பிரிவில் ஷிப்டுக்குப் பன்னிருவர் இருந்த இடத்தில் அறுவர் என்றாயிற்று. வாயுவைக் குளிர்ச்சியாக வைக்க வேண்டிய இயந்திரம் 1984 நடுவில் நிறுத்தப்பட்டது.

அன்றிரவு நடந்ததையும் பாருங்கள். வாயு பெருகுவதற்கு முன்பே, இரவு பதினொன்றரை மணி அளவில், பணியிலிருந்தவர்களின் கண்கள் எரிந்தன. மேற்பார்வையாளரிடம் சொல்லப்பட்டது. தேநீர் வேளை முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று விடப்பட்டதாகத் தொழிலாளர்களே பின்னர் செய்தியாளர்களிடம் கூறினார்கள். அந்த மேற்பார்வையாளரை அரக்கன் என்று நாம் ஏசப் போவதில்லை. கண் எரிச்சல் அந்த ஆலையிலே புதுமையே அல்ல! கசிவு இருக்கிறதா என்பதைத் தொழிலாளியின் கண்ணீரை வைத்துத்தான் அறிந்துகொண்டிருந்தார்கள். அன்றாடம் எரிகிற கண், ஒரு நாள் உண்மையாகவே எச்சரிக்கும்போது, அதை யார் தனியாகக் கவனிப்பார்?

எல்லாம் முடிந்த பிறகு கம்பெனி சொன்ன விளக்கம் இருக்கிறதே, அதை நம் தோழர்கள் மறக்கவே கூடாது. மனக்குறை கொண்ட ஒரு தொழிலாளி வேண்டுமென்றே தொட்டியில் தண்ணீரைக் கலந்துவிட்டான் என்றது கம்பெனி! எச்சரித்தபோது கேட்கவில்லை, ஏன் கேட்கவில்லை என்று கேட்டபோது, எச்சரித்தவர்களின் கூட்டத்திலேயே குற்றவாளியைத் தேடினார்கள்.

படித்தவர் சொன்னால் மட்டும்?

"அது ஏழை நாட்டுக் கதை. படிக்காதவன் பேச்சு எடுபடவில்லை. பட்டம் பெற்ற பொறியாளர் பேசினால் கேட்டிருப்பார்கள்" என்று சிலர் நினைக்கலாம். அவர்களுக்காக இன்னொரு கதை.

போபாலுக்குப் பிறகு பதினான்கு மாதம்கூட ஆகவில்லை. அமெரிக்கா 'சேலஞ்சர்' என்னும் விண்கலத்தை ஏவ இருந்தது. 1986 ஜனவரி 27 இரவு. விடிந்தால் பயணம். ஏவுதளம் இருந்த புளோரிடாவில் வழக்கத்துக்கு மாறான குளிர். கலத்தின் பக்கத்து ராக்கெட்டுகளைச் செய்துகொடுத்தது மார்ட்டன் தயோக்கால் என்ற கம்பெனி. அந்த ராக்கெட்டின் பாகங்கள் சேருமிடத்தில் ரப்பர் வளையங்கள் உண்டு. குளிரில் ரப்பர் விறைத்துப் போகும். விறைத்தால் இடுக்கை மூடாது. மூடாவிட்டால் நெருப்பு வெளியே பீறிடும். ராஜர் பாய்ஸ்ஜோலி என்ற பொறியாளர் ஆறு மாதத்துக்கு முன்பே, 1985 ஜூலையில், உயிர்ச்சேதம் நேரும் என்று மேலிடத்துக்கு எழுத்து மூலம் எச்சரித்திருந்தார்.

அன்றிரவு தொலைபேசியில் நீண்ட விவாதம். ஏவ வேண்டாம் என்று பொறியாளர்கள் வாதாடினார்கள். ராக்கெட்டை வாங்குகிற நாசாவின் அதிகாரிகளோ எரிச்சல் காட்டினார்கள். வாங்குகிறவர் முகம் கோணியதும் கம்பெனி மேலாளர்களின் முகமும் மாறிவிட்டது. தொலைபேசியைச் சற்று நிறுத்திவைத்துத் தனியே பேசினார்கள். பொறியியல் தலைவரைப் பார்த்து, பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேலாளர் தொப்பியைப் போட்டுக்கொள்ளும்படி சொன்னார் மேலிடத்தவர் ஒருவர். முடிவெடுத்தவர்கள் மேலாளர்கள் நால்வர். எதிர்த்த பொறியாளர்கள் அதே அறையில்தான் இருந்தார்கள். இறுதியில் அவர்களை யாரும் கேட்கவில்லை. மறுநாள் கலம் எழும்பிய 73ஆவது விநாடியில் சிதறியது. உள்ளே இருந்த ஏழு பேரும் மாண்டனர். அவர்களில் ஒருவர் பள்ளி ஆசிரியை.

உண்மை சொன்னவர்களுக்குக் கிடைத்த பரிசையும் கேளுங்கள். ஏவுவதற்கு ஒப்புதல் கையெழுத்துப் போட மறுத்தவர் ஆலன் மெக்டொனால்ட் என்ற பொறியாளர். விசாரணைக் குழுவின் முன் உள்ளதை உள்ளபடி சொன்னதற்காகக் கம்பெனி அவரைப் பதவி இறக்கியது. அமெரிக்க நாடாளுமன்றத்தார் தலையிட்டு மிரட்டிய பிறகுதான் பொறுப்பைத் திருப்பிக் கொடுத்தது. பாய்ஸ்ஜோலியோ உடன் பணிபுரிந்தவர்களாலேயே ஒதுக்கப்பட்டு, மனம் நொந்து வேலையை விட்டு விலகினார்.

பாடம் கற்றார்களா? 2003 பிப்ரவரி 1 அன்று 'கொலம்பியா' என்ற கலம் திரும்பி வரும் வழியில் சிதறி, மீண்டும் ஏழு பேர் மாண்டார்கள். அந்தக் கலத்தின் இறக்கையில் அடிபட்டிருக்கலாம், படமெடுத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்ட பொறியாளர் ஒருவர், கேட்டது மறுக்கப்பட்டதும் கடுமையாக ஒரு மடல் எழுதினார். எழுதியதை மேலிடத்துக்கு அனுப்பவில்லை. தாம் மிகக் கீழே இருப்பவர், முடிவெடுப்பவரோ எட்டாத உயரத்தில் இருப்பவர் என்று பிறகு அதற்குக் காரணம் சொன்னார். பட்டம் வாங்கியவர், பல்லாண்டு அனுபவம் உள்ளவர், மாதச் சம்பளம் கைநிறைய வாங்குகிறவர்! அவர் மனத்திலும் நம் பெல்ட்டுத் தொழிலாளியின் கணக்கேதான் ஓடியிருக்கிறது.

இந்தக் கணக்கை ஆராய்ந்த பேராசிரியை ஒருவர் இருக்கிறார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஏமி எட்மண்ட்சன். 'உளப் பாதுகாப்பு' என்ற சொல் இன்று ஊரெங்கும் பரவியிருப்பதற்கு அவரது 1999ஆம் ஆண்டுக் கட்டுரை பெரிய காரணம். ஒரு தொழிற்சாலையின் 51 குழுக்களை ஆராய்ந்து எழுதியது அது. நமக்குச் சுவையாகப் படுவது அதற்கு முன்னர் மருத்துவமனைகளில் அவர் கண்டது. நல்ல தலைமையும் ஒற்றுமையும் உள்ள செவிலியர் குழுக்களில் மருந்து மாற்றிக் கொடுக்கும் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எண்ணிப் போனார். கணக்கெடுத்தால் தலைகீழ்! நல்ல குழுக்களில்தான் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. திகைத்துப் போய் மேலும் ஆராய்ந்தபோதுதான் விளங்கியது: நல்ல குழுவிலே தவறை வாய்விட்டுச் சொல்கிறார்கள், சேர்ந்து திருத்துகிறார்கள். கடுமையான தலைமையின் கீழ் தவறு நடக்காமல் இல்லை. ஏட்டில் ஏறாமல் இருந்திருக்கிறது. 'எங்கள் ஆலையில் புகாரே இல்லை' என்று மார்தட்டும் மேலாளரைக் கண்டால், தோழர்களே, இந்த மருத்துவமனைக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கயிறு செய்த வேலை

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பிரீமாண்ட் என்று ஓர் ஊர். அங்கே ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் கார் தொழிற்சாலை ஒன்று இருந்தது. நாட்டிலேயே மோசமான தொழிலாளிகள் இங்கேதான் இருக்கிறார்கள் என்று பெயர் வாங்கிய ஆலை. எந்த நாளும் ஐந்தில் ஒருவர் வேலைக்கு வரமாட்டார். வந்தவர்களில் சிலர் குடித்துவிட்டு வருவார்கள். திடீர் வேலைநிறுத்தங்கள், தீராத வழக்குகள். கார்க் கதவுக்குள் வேண்டுமென்றே சோடா பாட்டிலைப் போட்டு மூடி, வாங்கியவன் காதில் கடகடவென்று ஒலிக்கச் செய்தவர்களும் உண்டு. இது சரி என்று நாம் சொல்லவில்லை. அந்த ஆலையில் ஒரே ஒரு சட்டம் இருந்தது: வரிசை நிற்கக் கூடாது. இயந்திரத்தை முன்பின்னாக மாட்டினாலும் வரிசை ஓட வேண்டும். கடைசியில் பார்த்துச் சரிசெய்து கொள்ளலாம். ஒருவன் குழிக்குள் விழுந்தபோதும் வரிசையை நிறுத்தவில்லை என்று அங்கே வேலை செய்த ஒரு தொழிலாளி பின்னாளில் வானொலியில் சொன்னார். தன் உடலுக்கே மதிப்பில்லாத இடத்தில், காருக்கு மதிப்புக் கொடுப்பானா தொழிலாளி?

1982இல் ஆலையை மூடினார்கள். 1984இல் ஜப்பானின் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்சும் கூட்டாக அதைத் திறந்தன. புதிய ஆலைக்கு 'நும்மி' என்று பெயர். தொழிலாளர்கள்? பெரும்பாலும் அதே 'மோசமான' தொழிலாளர்கள்! முதலில் எடுத்தவர்களில் நூற்றுக்கு 85 பேர் அளவில் பழைய ஆலையின் ஆட்கள். தொழிற்சங்கமும் அதே கார்த் தொழிலாளர் சங்கம்தான். நானூற்றுக்கு மேற்பட்டோரை ஜப்பானுக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள்.

அங்கே அவர்கள் கண்ட அதிசயம் ஒரு கயிறு. வேலை வரிசை நெடுகத் தலைக்கு மேலே ஒரு கயிறு ஓடுகிறது. பழுது கண்டவன், வேலையை முடிக்க முடியாமல் பின்தங்கியவன், யாராயினும் அதை இழுக்கலாம். இழுத்ததும் விளக்கு எரியும், இசை ஒலிக்கும், குழுத் தலைவர் ஓடி வருவார். வந்து ஏசமாட்டார், என்ன உதவி வேண்டும் என்று கேட்பார். குறித்த நேரத்துக்குள் சரியாகாவிட்டால் வரிசையே நின்றுவிடும். கோடிக்கணக்கில் முதல் போட்ட ஆலையை நேற்று வேலைக்கு வந்த தொழிலாளி நிறுத்தலாம்! இதே கயிற்றைப் பிரீமாண்டிலும் கட்டினார்கள். மேலாளருக்குத் தனிச் சாப்பாட்டு அறை கிடையாது, வண்டி நிறுத்தத் தனி இடம் கிடையாது என்று ஆக்கினார்கள்.

ஓரிரு ஆண்டுக்குள் அந்த ஆலையின் கார் ஜப்பான் காருக்கு நிகராக நின்றது. ஐந்தில் ஒருவர் வராத ஆலையில், வராதோர் நூற்றுக்கு மூவர், நால்வர் என்றாயிற்று. ஆள் மாறவில்லை, சங்கம் மாறவில்லை. இத்தனை நாளும் தொழிலாளியின் குணம் சரியில்லை என்று பாடிக் கொண்டிருந்தவர்கள் இதற்கு என்ன பதில் சொன்னார்கள் என்று கேட்டுவிடாதீர்கள். சொல்லவே இல்லை!

இந்த இடத்தோடு கதையை முடித்துக்கொள்வதுதான் பயிற்சி வகுப்புக்காரர்களின் வழக்கம். நாம் முடிக்கமாட்டோம், ஏனென்றால் கதையின் உயிர்நாடி இனிமேல்தான் வருகிறது.

இந்த வெற்றியைக் கண்டு ஜெனரல் மோட்டார்ஸ் தன் மற்ற ஆலைகளிலும் அதே கயிற்றைக் கட்டிப் பார்த்தது. வான் நைஸ் என்ற ஊரின் ஆலையில் கயிறு தொங்கியது, இழுப்பார் இல்லை. இழுத்தவனை மேற்பார்வையாளர் முறைத்தார். இத்தனை கார் வெளியே போனால் இத்தனை போனஸ் என்று மேலாளர்களுக்குக் கணக்கு இருந்தது; வரிசை நின்றால் அவர்கள் பணம் குறையும். கயிறு ஒன்றுதான். ஓர் ஊரில் அது உரிமை. இன்னோர் ஊரில் அது வெறும் நூல்.

வேறுபாடு எங்கே? பிரீமாண்டின் ஒப்பந்தத்தைப் பிரித்துப் படித்தால் தெரியும். கம்பெனியே நீடிக்குமா என்ற நெருக்கடி வந்தாலன்றி ஆட்குறைப்பு செய்வதில்லை என்று நிர்வாகம் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்தது. அப்படியே நெருக்கடி வந்தாலும், முதலில் மேலதிகாரிகளின் சம்பளத்தைக் குறைப்பது, வெளியே காண்டிராக்ட் விட்ட வேலையைத் திரும்ப ஆலைத் தொழிலாளிக்கே கொடுப்பது, இவற்றுக்குப் பிறகுதான் ஆட்குறைப்பு! எழுத்திலே இருந்தது நடப்பிலும் வந்தது. 1988 வாக்கில் கார் விற்பனை படுத்தபோது ஒருவரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. பயிற்சிக்கும் ஆலைப் பராமரிப்புக்கும் திருப்பி விட்டார்கள். அதைக் கண்ட பிறகுதான் தொழிலாளிக்குக் கயிற்றின் மேல் முழு நம்பிக்கை பிறந்தது. பழுதைச் சொல்லி வேலையை எளிதாக்கினால், மிச்சமாகும் ஆள் நாமாக இருப்போமோ என்ற அச்சம் அங்கே இல்லை. எழுதிக் கொடுத்த வேலைப் பாதுகாப்புத்தான் உளப் பாதுகாப்புக்கு அடித்தளமாக நின்றது.

அந்த ஆலையைச் சொர்க்கம் என்றும் நாம் எழுத மாட்டோம். பழைய ஆலையில் நிமிடத்துக்கு 45 விநாடி உழைத்தவன் புதிய ஆலையில் 57 விநாடி உழைத்தான் என்று அதைப் பாராட்டி எழுதிய ஆய்வாளரே கணக்குக் காட்டினார். மூச்சுவிட நேரமில்லை என்று சங்கத்துக்குள்ளேயே எதிர்ப்பு அணி தோன்றியது. அவர்கள் கேட்டதும் நியாயமே. இறுதியில், 2009இல் ஜெனரல் மோட்டார்ஸ் விலகிக்கொள்ள, 2010 ஏப்ரலில் டொயோட்டாவும் கதவை மூடியது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். இருபத்தைந்து ஆண்டு கயிற்றை இழுத்தவர்களுக்கு, ஆலையையே மூடும் முடிவை நிறுத்த ஒரு கயிறு இல்லை.

பெரம்பூரில் தொடங்கியது

நம் மண்ணில் இந்தப் பேச்சு 1918லேயே தொடங்கிவிட்டது. சென்னை பெரம்பூரில் பக்கிங்காம் மில்லும் கர்நாடிக் மில்லும் பின்னி கம்பெனியின் ஆளுகையில் இருந்தன. உணவுக்கு விட்ட நேரம் ஓடிப்போய் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடி வரவும் போதாது. போதாக்குறைக்கு மேலதிகாரிகளின் வசவு, சில வேளை அடி. 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி.வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார், இராமாநுஜலு நாயுடு ஆகியோர் அதற்காக உழைத்தவர்கள். கூலி ஒரு கோரிக்கையாக இருந்தது உண்மையே. ஆனால் மனிதனை மனிதனாக நடத்து என்ற குரலும் அன்றைய கூட்டங்களிலே அதற்குக் குறையாமல் ஒலித்தது.

வாய் திறந்ததற்கு விலை என்ன? கம்பெனி உயர்நீதிமன்றத்துக்குப் போயிற்று. வேலை ஒப்பந்தத்தை மீறத் தொழிலாளரைத் தூண்டக் கூடாது என்று சங்கத் தலைவர்களுக்கு இடைக்காலத் தடை விதித்தது நீதிமன்றம். ஏழாயிரம் பவுன் இழப்பீடும் வழக்குச் செலவும் அவர்கள் தலையில் விழுந்தன. சங்கம் வைத்துப் பேசுவதே குற்றமா என்று நாடு அதிர்ந்தது. 1921இல் என்.எம்.ஜோஷி சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். 1926இல் தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறியது. தொழிலாளிக்காகப் பேசியவரை அப்படி வழக்கில் மாட்ட முடியாதபடி அதிலே பாதுகாப்புக் கிடைத்தது. எந்தப் பேச்சாளரும் குளிரூட்டிய அறையில் வகுப்பு நடத்திக் கொடுத்த பாதுகாப்பல்ல அது.

போபாலுக்குப் பிறகும் ஒரு சட்டத் திருத்தம் வந்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் 1987இல் 41-எச் என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அபாயமான தொழில் நடக்கும் ஆலையில், உயிருக்கு உடனடி ஆபத்து என்று தக்க ஐயம் தொழிலாளிக்கு எழுந்தால், அதை நிர்வாகத்துக்கும் அதே வேளையில் ஆய்வாளருக்கும் அவன் தெரிவிக்கலாம். உடனே பரிகாரம் செய்வது நிர்வாகத்தின் கடமை. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இத்தகைய உரிமை சொல்லப்பட்டிருக்கிறது. நம் ஊரின் எத்தனை ஆலைகளில் எத்தனை தொழிலாளிக்கு இப்படி ஓர் உரிமை இருப்பது தெரியும்? சட்டத்தில் தொங்கும் கயிறு அது. இழுத்தவன் மறுநாளும் வேலையில் இருக்கிறானா என்று பார்த்தே மற்றவர்கள் கை நீட்டுவார்கள்.

நம் வீட்டுக்குள் கொஞ்சம்

முதலாளியைப் பற்றி எழுதினால் தோழர்கள் கைதட்டுவார்கள். இதற்கும் தட்டுகிறார்களா பார்ப்போம்.

மேஸ்திரியின் வசவைக் கேட்டுக் குமுறுகிற நம் தொழிலாளி, தன் கீழே வேலை பழக வந்த பையனை என்ன சொல்லி அழைக்கிறான்? கூட்டிப் பெருக்க வரும் அம்மையாரை, அவருக்குத் தன் தாய் வயது இருந்தாலும், 'ஏய்' என்றுதானே கூப்பிடுகிறான்! இந்த ஊரில் வசவுக்கு ஒரு வழி உண்டு. அது மேலிருந்து கீழே ஓடும். கடைசியில் தேங்குவது பெண்ணின் காதிலும், ஊர் ஒதுக்கி வைத்த சாதியிலே பிறந்தவன் காதிலும். நடுவில் நிற்கிறவன் தன் பங்கை வாங்கி அடுத்தவனிடம் தள்ளிவிட்டு நிமிர்ந்து நிற்கிறான். தையல் கூடத்திலும் நூற்பாலையிலும் வேலை பார்க்கும் பெண்கள், மேற்பார்வையாளரின் கையையும் வாயையும் பற்றிப் புகார் சொல்லத் தயங்குவது ஏன்? சொன்னால் வேலை போகும் என்பது பாதி. 'இவள் எப்படிப்பட்டவளோ' என்று உடன் வேலை செய்யும் ஆண்கள், நம் கொடியைத் தூக்கும் ஆண்கள் உட்பட, பேசுவார்கள் என்பது மறு பாதி.

திண்டுக்கல் பக்கத்தில் ஓர் ஆடை ஆலையில் 2022இல் நடந்ததை நம் சங்கங்கள் பாடமாக வைத்துப் படிக்கலாம். முந்தைய ஆண்டில் அங்கே வேலை பார்த்த தலித் இளம்பெண் ஒருவர் கொல்லப்பட்ட கொடுமைக்குப் பிறகு, தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் என்னும் பெண்கள் தலைமையிலான சங்கம் ஆலையோடும், துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகளோடும் ஒப்பந்தம் போட்டது. தொல்லையைக் கண்டறிந்து சொல்லத் தொழிலாளிகளிலிருந்தே ஆட்கள் கூடம் கூடமாகப் பயிற்சி பெற்றார்கள். சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்பது ஒப்பந்தத்தின் பகுதி. இதுவும் ஒரு கயிறுதான். இழுக்கிறவருக்குப் பின்னால் சங்கம் நிற்கிற கயிறு.

சங்க அலுவலகத்திலும் கட்சிக் கிளையிலும் என்ன நிலை? கணக்கில் ஐயம் கேட்ட இளைஞனை 'துரோகி' என்று முத்திரை குத்தி உட்காரவைத்த கூட்டங்கள் இல்லையா? தலைவர் பேசி முடித்ததும் 'கருத்து உண்டா?' என்று கேட்டு, ஒருவரும் எழவில்லை என்றால் ஒருமனதாக நிறைவேறியது என்று எழுதிக்கொள்கிறோமே, அந்த அமைதியைப் பற்றி எவராவது எண்ணிப் பார்த்ததுண்டா? வாயடைத்துப் பழகிய தோழன் ஆலை வாயிலில் மட்டும் சிங்கமாக முழங்குவான் என்று எதிர்பார்ப்பது எப்படி?

அடுத்த கூலி ஒப்பந்தப் பேச்சு வரும்போது கோரிக்கைப் பட்டியலில் இதற்கும் இடம் ஒதுக்க வேண்டுகிறோம். பழுதையோ அபாயத்தையோ கண்டு வேலையை நிறுத்தியவர் மீது மெமோ, சஸ்பென்ஷன், இடமாற்றம் எதுவும் கூடாது. சொன்ன செய்தியை ஏட்டில் பதிந்து, என்ன செய்தார்கள் என்று குறித்த நாளுக்குள் சொன்னவருக்கே பதில் தர வேண்டும். அந்த ஏட்டைச் சங்கப் பிரதிநிதி பார்க்கலாம். மேற்பார்வையாளர் எவரும் எந்தத் தொழிலாளியையும் இழிசொல்லால் அழைக்கக் கூடாது. நிர்வாகம் முதலில் சிரிக்கும். 'இதெல்லாம் எங்கள் கொள்கை அறிக்கையில் இருக்கிறதே' என்று அச்சடித்த தாளை நீட்டும். அந்தத் தாளில் இருப்பதையே ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்திடச் சொல்லுங்கள்.

கையெழுத்துக்கு முன் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 'தொழிலாளி' என்று அதிலே எழுதியிருக்கிற சொல்லுக்குள், காண்டிராக்ட் ஆளும், பயிற்சிக்கு வந்திருக்கிற பையனும், கூட்டிப் பெருக்குகிற அம்மையாரும் அடங்குகிறார்களா?